வேலி எவ்வளவு உயரம்

பிப்ரவரி. ஐமவுத் துறைமுகம்.
பனிமழை ஜன்னலைச் சுரண்டிய இரவில்
சலவை இயந்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே
ஜெட்டி ஈன்றாள்.

முதல் ஐந்தும் கறுப்பு.
நனைந்த நிலக்கரித் துண்டுகளாக வந்தவற்றை
ஒவ்வொன்றாகத் துடைத்து மடியில் சேர்த்தேன்.
ஆறாவது வந்தபோது
விளக்கின் மஞ்சள் என்றுதான் நினைத்தேன்.
துடைக்கத் துடைக்க மஞ்சள் போகவில்லை.
ஏழாவதும் அப்படியே.
எட்டாவது, விடிகிற நேரத்தில்,
காய்ச்சி இறக்கிய கோகோ நிறம்.

தாய் கறுப்பு.
தகப்பன் போசன்
வால் நுனிவரை கறுப்பு.

காலையில் டாம் பர்வ்ஸ் வந்தான்,
போசனின் சொந்தக்காரன்,
ஈற்றில் ஒரு குட்டிக்கு உரிமையுள்ளவன்.
தொப்பியைக் கழற்றாமலே குனிந்து பார்த்தான்.
"உன் வேலி எவ்வளவு உயரம், ரோனா?"
அவ்வளவுதான் கேட்டான்.
ஊருக்கு அது போதும்.
மதியத்துக்குள் ரொட்டிக்கடையில்
ஜெட்டிக்கு மூன்று கள்ளப்புருஷர்கள்.

ஜெட்டி காதை ஆட்டக்கூட இல்லை.
எட்டு வாய்க்கும்
ஒரே மாதிரி விலா விரித்துக் கிடந்தாள்.

நான்தான் விடவில்லை.
பஞ்சு முனையால் அவள் கன்னத்துக்குள் தடவி,
டாம் முறைக்க முறைக்கப் போசனுக்கும் தடவி,
குட்டிகளுக்கும் எடுத்துத் தபாலில் போட்டேன்.
மூன்று வாரம்.

மருத்துவர் நயர்ன் அம்மையார்
சமையல் மேசையில் தாளை விரித்தார்.
சாயம் கறுப்பா பழுப்பா என்று
ஓரிடத்தில் முடிவாகும் என்றார்.
அந்தச் சாயம் மயிருக்குள் இறங்கலாமா என்பது
வேறோர் இடம், வேறொரு கதவு.
அப்பன் தந்த சாவி ஒன்று, அம்மா தந்தது ஒன்று.
ஒன்று நல்லதானாலும் கதவு திறக்கும்.
இரண்டும் பழுதென்றால்
உள்ளே எந்தச் சாயம் காத்திருந்தாலும்
வெளியே மஞ்சள்தான்.
பழுதான ஒற்றைச் சாவி
கறுப்பு நாயின் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும்,
பேரன் பேத்தி காலம்வரை.
"போசனிடம் ஒன்று. ஜெட்டியிடம் ஒன்று.
பழுப்பும் அப்படி ஒளிந்து வந்ததுதான்.
எட்டுக்கும் அப்பன் போசன்."

தாளை மடித்தவர்
என் தலையைப் பார்த்துச் சிரித்தார்.
"மனிதருக்கும் அதே கதவு உண்டு.
அது சரியாகத் திறக்காததால்தான் இந்த முடி."

கெட்டில் கூவியது. நான் எழவில்லை.

என் அம்மா வில்மாவுக்கு
அண்டங்காக்கைக் கூந்தல்.
அப்பா ஆர்ச்சி டிக்சனுக்குத்
தார் பூசியதுபோல் தாடி.
அவர்களுக்கு நடுவில் நான்,
செம்புக் கம்பிச் சுருள்.
நான் பிறப்பதற்கு முந்திய கோடையில்
நார்வேப் படகொன்று இயந்திரம் கெட்டு
எங்கள் துறையில் பதினோரு நாள் நின்றதாம்.
அந்தப் பதினோரு நாளை
ஊர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தது.
ஞாயிறுதோறும் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில்
அம்மா என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிடுவாள்.
அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.
அந்தக் கேட்காததைத்தான்
அவள் முப்பது வருடம் சுமந்தாள்.

இருவரும் போய்விட்டார்கள்.
தாளை யாரிடம் காட்டுவது?
ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்,
'படகு விற்பனைக்கு' அறிவிப்பின் பக்கத்தில்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
இரண்டு நாள் கழித்து
ஒரு ரொட்டி கூடுதலாகப் பையில் இருந்தது.

எட்டாவது வாரம் டாம் வந்தான்.
மஞ்சளைத் தாண்டினான், பழுப்பைத் தாண்டினான்,
பெரிய கறுப்பனைப் பிடரியில் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதுதான் சுத்தம்" என்றான்.

அதன் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது.
ஒரு சாவி நல்லது. ஒரு சாவி பழுது.
அவன் கேட்கவில்லை.
நான் வேலிக் கதவைத் திறந்துவிட்டேன்.